ஓராண்டு ஓட்டத்துக்கு உடம்பு கேட்கும் அட்டவணை

மாணவர்களே, ஆண்டு பிறந்ததும் ஓட்டப் போட்டி விளம்பரங்கள் வாட்சப்பில் வரிசையாக வரத் தொடங்கும். சாலையில் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், காட்டுத்தடத்தில் 12 கிலோமீட்டர் என்று பல வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை, ஒரு பதக்கம். இடையில் பள்ளிக் குறுக்கோட்டமும் உண்டு. நண்பர்கள் கூடிப் பேசி, மாதம் ஒரு போட்டி என்று பெயர் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதங்களில் அவர்களில் ஒருவர் என்னிடம் வருவார்: "மூச்சு வாங்கவே இல்ல சார், கால் எலும்புதான் வலிக்குது."

இந்த ஒரு வாக்கியத்தில் ஓர் அறிவியல் பாடம் இருக்கிறது. மூச்சு தயாராகிவிட்டது, எலும்பு இன்னும் தயாராகவில்லை. ஏன் அப்படி? ஓராண்டு ஓட்டத்தைத் திட்டமிட நினைப்பவர் முதலில் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே உடம்பு, நான்கு வேகம்

ஓடும்போது உடம்பு வலுவடைவதில்லை. ஓட்டம் ஒரு சுமை. அது தசையிலும் எலும்பிலும் சிறு சிறு சேதங்களை உண்டாக்குகிறது. பிறகு ஓய்வெடுக்கும்போது, குறிப்பாகத் தூங்கும்போது, உடம்பு அவற்றைச் சரிசெய்து முன்பைவிடச் சற்று உறுதியாகக் கட்டுகிறது. ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் இந்த வேலையைச் செய்வதில்லை.

முதலாவது, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. தொடர்ந்து ஓடத் தொடங்கிய ஒன்று இரண்டு வாரங்களிலேயே இதன் அளவு கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை வெளியேற்ற முடிகிறது. அதனால் முன்பு ஓடிய அதே வேகத்தில் ஓடினாலும் நாடித் துடிப்பு குறைகிறது. "இரண்டே வாரத்தில் ஓட்டம் சுலபமாகிவிட்டது" என்று தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, தசை. தசை உயிரணுக்களுக்குள் சக்தியை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருக, ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் தேவை. தசையைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும் மெல்ல மெல்லத்தான் கூடும்.

மூன்றாவது, சிவப்பணு. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜை இவற்றை நாள்தோறும் உருவாக்கிக்கொண்டே இருந்தாலும், மொத்த எண்ணிக்கை உயரப் பல வாரங்கள் பிடிக்கும். அதற்கு உணவில் இரும்புச் சத்தும் வேண்டும்.

நான்காவது, எலும்பு. இதுதான் மிக மெதுவானது. எலும்பு பழுதுபார்க்கப்படும் முறை நம் தாமான் சாலையைப் பழுதுபார்ப்பதைப் போன்றது. முதலில் பழைய தாரைத் தோண்டி எடுப்பார்கள், பிறகுதான் புதிய தாரை நிரப்புவார்கள். எலும்பிலும் ஒருவகை உயிரணு பழைய பகுதியைக் கரைத்து எடுக்கிறது. இதற்குச் சுமார் 3 வாரம் ஆகும். பிறகு வேறொரு வகை உயிரணு அந்த இடத்தைப் புது எலும்பால் நிரப்புகிறது. இதற்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகும். தோண்டி முடித்து, இன்னும் நிரப்பி முடிக்காத அந்தக் காலத்தில், அந்த இடம் பழைய நிலையைவிடப் பலவீனமாக இருக்கும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சி தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. பிளாஸ்மா கூடிவிட்டது, தசையும் தேறி வருகிறது. மனத்துக்கு உற்சாகம் பொங்குகிறது. தூரத்தை இரட்டிப்பாக்குகிறீர்கள். எலும்போ தோண்டிய சாலையாகக் கிடக்கிறது. தேய்வு முறிவு எனப்படும் மெல்லிய விரிசல், ஓடத் தொடங்கிய முதல் நாளில் வராமல் சில வாரங்கள் கழித்து வருவது இதனால்தான்.

உங்கள் வயதில் இன்னொரு செய்தியும் உண்டு. நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தகடு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. நீங்கள் உயரமாவது அங்கிருந்துதான். சுற்றியுள்ள எலும்பைவிட அது வலுக்குறைந்தது. திடீரென்று உயரமாகும் மாதங்களில் எலும்பு முந்திக்கொண்டு நீள, தசையும் தசைநாணும் இழுபட்டு நிற்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி என்று பல மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இழுவையால்தான். பெரியவர்களுக்காக எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையை அப்படியே எடுத்து நீங்கள் பின்பற்றக் கூடாது.

ஆகவே ஓராண்டுத் திட்டத்தின் அடிப்படை விதி இதுதான்: உடம்பில் மிக மெதுவாக வலுவடையும் உறுப்புக்காக மற்ற உறுப்புகள் காத்திருக்க வேண்டும்.

மலைச்சாலையில் ஓடிய 800 மீட்டர் வீரர்

இந்த விதியை விளையாட்டில் கண்கூடாகக் காட்டியவர்களில் ஒருவர், நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, எவ்வளவு தூரம் ஓடினால் உடம்பு என்ன செய்கிறது என்பதைத் தம்மையே சோதனைப் பொருளாக்கிப் பார்த்தவர் அவர். பிறகு தம் பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அவர் ஆண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். முதலில் பல வாரங்கள் நிதானமான நீண்ட ஓட்டம். அடுத்துச் சில வாரங்கள் மேட்டில் ஓட்டம். அதன் பிறகே திடலில் வேகப் பயிற்சி. கடைசியில் பயிற்சியைக் குறைத்துப் போட்டிக்குப் போவது. இரண்டே சுற்றில் முடிந்துவிடும் 800 மீட்டருக்குத் தயாராகிய பீட்டர் ஸ்னெல்கூட, ஆக்லாந்தின் மேற்கே வைத்தாக்கெரே மலைச்சாலைகளில் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தை நிதானமாக ஓடிப் பழகினார்.

1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில், ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதே நாளில் லிடியார்டின் இன்னொரு மாணவர் மரே ஹால்பர்க் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். ஸ்னெல் 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 800, 1,500 மீட்டர் இரண்டிலும் வென்றார். பின்னாளில் அவரே உடற்பயிற்சி உடலியங்கியலில் முனைவர் பட்டம் பெற்று ஆய்வாளராக அமெரிக்காவில் பணியாற்றினார்.

நீங்கள் 35 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது வரிசையை. மெதுவாக வளர்வதை முதலில் வளர்த்தார்கள், விரைவில் வந்துவிடும் வேகத்தைக் கடைசிக்கு வைத்தார்கள்.

தார்ச்சாலையும் காட்டுத்தடமும்

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை உங்கள் காலைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. அந்த விசை உங்கள் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு இருக்கும். ஓர் அடி சுமார் 1 மீட்டர் என்று கொண்டால், 10 கிலோமீட்டரில் 10,000 அடி, ஒரு காலுக்கு 5,000 முறை. தார்ச்சாலையில் இந்த 5,000 அடியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுமை ஏறும். காட்டுத்தடத்தில் வேர், கல், சேறு என்று ஒவ்வோர் அடியும் மாறுவதால் சுமை பரவுகிறது. ஆனால் அங்கே கணுக்கால் சுளுக்கும் ஆபத்து அதிகம். வாரத்தில் ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் மற்றொன்று என்று கலந்து ஓடுவது இரண்டுக்கும் நல்லது.

காட்டுத்தடத்தில் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். ஒரு சிறு கணக்கு போடுவோம். சமதளத்தில் 1 கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 4.2 கிலோஜூல் சக்தி செலவாகும். ஒரு கிலோ எடையை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, 1 × 9.8 × 100 = 980 ஜூல், ஏறக்குறைய 1 கிலோஜூல் தேவை. ஆனால் தசை தான் செலவழிக்கும் சக்தியில் சுமார் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. ஆகவே உண்மைச் செலவு சுமார் 4 கிலோஜூல்.

இரண்டு விடைகளும் ஏறக்குறைய ஒன்று! அதாவது 100 மீட்டர் ஏற்றம், சமதளத்தில் கூடுதலாக 1 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். இரு பக்கமும் ஒரு கிலோவுக்கே கணக்கிட்டதால் ஓடுபவர் 40 கிலோவா 70 கிலோவா என்பது இதில் பொருட்டே இல்லை. பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குச் செல்லும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 650 மீட்டர். உடம்பின் கணக்கில் அது 5 + 6.5 = 11.5 கிலோமீட்டர். காட்டுத்தடப் பயிற்சியைத் தூரத்தால் அளக்காமல் நிமிடத்தால் அளப்பது இதனால்தான்.

இறக்கத்துக்கு வேறொரு கதை உண்டு. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுக்கத்தைத் தாங்குகிறது. தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுவது பெரும்பாலும் இப்போதுதான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படிக்கட்டில் இறங்க முடியாமல் வலிப்பது இதனால். ஆனால் ஒருமுறை பழகிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்குத் தசை அந்தப் பாதிப்பைப் பெரிதும் தாங்கிக்கொள்ளும். காட்டுத்தடப் போட்டிக்கு 2, 3 வாரம் முன்பு இறக்கத்தில் ஓடிப் பழகிவிடுங்கள். போட்டி வாரத்தில் அந்தப் பயிற்சி கூடாது.

வியர்வையின் இயற்பியல்

50 கிலோ எடையுள்ள மாணவி ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவாகும் சக்தி 4.2 × 50 × 10 = 2,100 கிலோஜூல். இதில் முக்கால் பங்கு, சுமார் 1,600 கிலோஜூல், வெப்பமாகிறது. உடம்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோவுக்கு ஒரு பாகைக்குச் சுமார் 3.5 கிலோஜூல். இந்த வெப்பம் முழுவதும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால், 1,600 ÷ (50 × 3.5), அதாவது உடல் வெப்பம் சுமார் 9 பாகை உயரும். 37 பாகை 46 ஆகிவிடும். 40 பாகையைத் தாண்டினாலே வெப்பத்தாக்கு வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

நம்மைக் காப்பாற்றுவது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பள்ளியில் 'ஹாபா பெண்டாம்' என்று படிக்கிறீர்களே, அந்த உள்ளுறை வெப்பம்தான் இது. 1,600 ÷ 2.4 என்றால், சுமார் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான வியர்வை ஆவியாக வேண்டும். 'ஆவியாக' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சொட்டித் தரையில் விழும் வியர்வை உங்களைக் குளிர்விப்பதில்லை. நம் நாட்டுக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தமாகிறது. ஆகவே வெப்பநிலை அதிகமாகத் தெரியாத நாளில்கூட உடம்பு சூடாகலாம்.

பெரிய மாரத்தான் போட்டிகள் இங்கே பொழுது விடியுமுன்பே தொடங்குவதற்கு இந்தக் கணக்கே காரணம். நீங்களும் விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ ஓடுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பின் மீண்டும் ஓடத் தொடங்கினால், உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் கொடுங்கள். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பும் குறைவாக இருக்கும்.

நம் வானிலையோடு ஓராண்டு

முதலில் இரண்டே இரண்டு முக்கியப் போட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று காட்டுத்தடம், மற்றொன்று சாலை. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 16 வாரம் இருக்கட்டும். எலும்பின் 3 வாரத்தையும் 3 மாதத்தையும் கூட்டிப் பாருங்கள், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று புரியும். பிறகு நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு மாதிரி இதோ.

ஜனவரி முதல் மார்ச் வரை: அடித்தளம். வாரம் 3 நாள், 20 முதல் 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். பள்ளிக் குறுக்கோட்டம் இந்தக் காலத்தில் வந்தால் அதையும் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசம், சீனப் பெருநாள் விடுமுறைகளில் சில நாள் ஓடாவிட்டாலும் எதுவும் குறைந்துவிடாது.

ஏப்ரல், மே: மேடும் படிக்கட்டும். பருவக்காற்று மாறும் இந்த மாதங்களில் மாலை நேர இடிமழை அதிகம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் மின்னல் சுமார் 1 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இடி காதில் விழுந்தாலே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வராதீர்கள்.

ஜூன்: காட்டுத்தடப் போட்டி. ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் அந்த வழியில்தான் வருகிறது. போட்டி முடிந்ததும் 2 வாரம் நடையும் நீச்சலும் போதும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: மீண்டும் அடித்தளம், கடைசி 5, 6 வாரம் திடலில் வேகப் பயிற்சி. இது வறண்ட காலம், புகைமூட்டமும் வரலாம். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கும் நாம், வேகமாக ஓடும்போது 60 லிட்டருக்கும் மேல் இழுக்கிறோம். தூசும் அதே அளவில் உள்ளே போகும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே ஓட வேண்டாம்.

அக்டோபர்: சாலையில் 10 கிலோமீட்டர். போட்டிக்கு முந்திய 7 முதல் 10 நாளில் ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தை மட்டும் மறக்காமல் வைத்திருங்கள். கடைசி வாரத்தில் கூடுதலாக ஓடி எதையும் சம்பாதிக்க முடியாது. களைப்புதான் மிஞ்சும்.

நவம்பர், டிசம்பர்: வடகிழக்குப் பருவமழை, தேர்வு, விடுமுறை. திட்டத்தில் ஓய்வும் ஒரு பாடம்தான்.

முழு மாரத்தானுக்குப் பொதுவாக 18 வயது நிரம்ப வேண்டும். அதுவரை 5, 10 கிலோமீட்டர் போதும். முக்கியப் போட்டி இரண்டைத் தவிர, ஆண்டில் 3 அல்லது 4 சிறு போட்டிகளை நிதானமாக ஓடிப் பார்க்கலாம்.

10 சதவீத விதி உண்மையா?

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று பலரும் சொல்வார்கள். அறிவியலில் பலர் சொல்வது மட்டும் ஆதாரமாகாது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழு 10 சதவீத விதிப்படி 13 வாரம் மெதுவாகக் கூட்டியது, மற்றொன்று 8 வாரத்தில் தயாரானது. 2008-இல் வெளிவந்த முடிவு: இரு குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம்.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் ஓடலாம் என்று பொருளல்ல. ஒரு மந்திர எண் எல்லாருக்கும் பொருந்தாது என்பதே பாடம். நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் வழி இது: 3 வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், 4-ஆம் வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

வலியில் இரு வகை உண்டு. தசை முழுவதும் பரவலாக வலித்து 2, 3 நாளில் மறைவது இயல்பானது. எலும்பில் ஒரே புள்ளியில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடுகிறது என்றால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மெல்லிய விரிசலை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சில வார ஓய்வில் ஆறலாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் எலும்பு முழுதாக முறியக்கூடும்.

காய்ச்சலோடு ஓடவே கூடாது. சில கிருமிகள் இதயத் தசையையும் தாக்கும், அந்நேரத்தில் கடும் ஓட்டம் ஆபத்தானது. ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ, போட்டியைவிட மருத்துவரே முக்கியம்.

மாணவிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதவிடாயால் இரும்புச் சத்து குறையும். காரணம் தெரியாத களைப்பு இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீரை, பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றோடு கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ள பழத்தைச் சேருங்கள். உணவோடு தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கூடுதலாக ஓடத் தொடங்கிய பின் மாதவிடாய் நின்றுபோனால் அது பெருமைக்குரியதல்ல. உண்ணும் உணவு ஓட்டத்துக்குப் போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. எலும்பும் அப்போது மெலியும். அம்மாவிடமோ பள்ளி ஆலோசகரிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.

செய்து பார்க்க

1. தினமும் எழுந்தவுடன் படுக்கையிலேயே ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணி எழுதுங்கள். ஒரு மாதம் வரைபடமாக்குங்கள். வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடியிருக்கும் நாள்களில் முந்திய இரவுத் தூக்கம், காய்ச்சல், பயிற்சி ஆகியவற்றில் எது மாறியது என்று பாருங்கள்.

2. ஓடுமுன்னும் ஓடியபின் வியர்வையைத் துடைத்த பிறகும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் சுமார் 1 லிட்டர் நீர் வெளியேறியிருக்கிறது. இடையில் குடித்த நீரையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

3. உங்கள் ஊர்க் குன்று ஒன்றின் தூரத்தையும் ஏற்றத்தையும் வரைபடத்தில் கண்டுபிடித்து, அது சமதளத்தில் எத்தனை கிலோமீட்டருக்குச் சமம் என்று கணக்கிடுங்கள்.

சிந்திக்க

அ. காலை 6 மணிக்கு ஈரப்பதம் 95 சதவீதம், பிற்பகல் 3 மணிக்கு 60 சதவீதம். இருந்தும் காலையில் ஓடுவதே ஏன் பாதுகாப்பானது? (குறிப்பு: சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். வெயிலின் நேரடி வெப்பத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.)

ஆ. உங்கள் நண்பர் மார்ச் மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் நான்கு போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். இதுவரை அவர் ஓடிப் பழகியதில்லை. எலும்பின் கணக்கைச் சொல்லி, எதை விட்டுவிடலாம் என்று அவருக்கு விளக்கும் ஒரு பத்தி எழுதுங்கள்.